மாமாவின் கன்னத்தில் என் விரல்கள்

எங்கள் மாமா செத்துப்போன அன்று, வீட்டுக்கு ஒரு கார் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு நான் தெருமுனையில் காத்திருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ஒரகடத்தில் காருக்குக் கதவும் கூரையும் வெல்டிங் வைக்கும் ஒரு கம்பெனியில் வேலை. சொந்த வீடு வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம், தாத்தா பாட்டி போன பிறகு பூட்டிக் கிடந்தது. ஷிப்டுக்குப் போய்வரத் தோதாக எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அவர் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா தவறாமல் கேட்பார்: "இன்னிக்கி எத்தினி பாடி ஓடிச்சு?" மாமா ஓர் எண்ணிக்கை சொல்வார். அத்தனையையும் தானே விற்கப்போகிறவர் மாதிரி, அது அதிகமா குறைவா என்று அப்பா யோசிப்பார். பாடி என்றால் சக்கரம் மாட்டாத, பெயிண்ட் அடிக்காத, உள்ளே சீட்டுகூட இல்லாத கார் என்று மாமாவே எனக்குத் தட்டில் இருந்த இட்லியை வைத்து விளக்கியிருக்கிறார்.

அதனால் அன்றைக்கு எங்கள் வாசலில் கூடியவர்கள் எல்லாரும் "பாடி எப்ப வருது?" என்று கேட்டபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"இன்னும் ஜி.எச்.லதான் கீது. கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்கோ" என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா.

கம்பெனியில் இருக்கவேண்டிய கார் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போனது என்று கேட்க நினைத்தேன். பெரியம்மா அழுதுகொண்டிருந்ததால் கேட்கவில்லை. மாமா போய்விட்டார் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரும்போதே சொல்லியிருந்தார்கள். மாமா போய்விட்டதால் அவருக்குப் பதிலாகக் கம்பெனிக்காரர்கள் ஒரு பாடி தருகிறார்கள் போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்து ஓரமாகப் போட்டேன். கார் நிற்க இடம் வேண்டுமே.

வந்தது ஆம்புலன்ஸ். அதற்குள்ளிருந்து வெள்ளைத் துணி சுற்றிய ஒன்றை இறக்கினார்கள். நான் பெண்களின் இடுப்புகளுக்கு நடுவே புகுந்து பார்த்தபோது தெரிந்தது இரண்டு கால் கட்டைவிரல்கள் மட்டும்தான். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முகத்தைத் திறக்கவே இல்லை. லாரி அப்படி அடித்திருந்ததாம். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. முகத்தைப் பார்க்காததால் செத்துப்போனது ஒரு விஷயமாகவும், மாமா வீட்டுக்கு வராதது வேறொரு விஷயமாகவும் எனக்குள் தனித்தனியாக நின்றுவிட்டன. இரண்டையும் என்னால் சேர்க்க முடியவில்லை.

அம்மா ஒப்பாரி வைக்கவில்லை. கூடப்பிறந்தவள் வாய்விட்டு அழாமல் இருப்பதைப் பற்றி வந்தவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அவள் சுவரில் சாய்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, "நான்தான், நான்தான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தவறாகப் பட்டது. ஏனென்றால் அது அவளில்லை, நான்தான் என்று எனக்குத் தெரியும்.

அன்று காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மாமா சட்டைப் பொத்தானைப் போட்டபடி அவள் முன்னால் வந்து நின்று ஏதோ கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்ம ஜனமா அது? எங்க பொறந்துச்சோ, யார் பெத்ததோ! அந்தப் பொண்ணு இந்த வூட்ல இருந்தா நான் இருக்க மாட்டேன், சொல்லிட்டன்."

ஒவ்வொரு வார்த்தைக்கும் என் பின்னலை ஓர் இழுப்பு இழுத்தாள். வீட்டில் இருக்கிற ஒரே பொண்ணு நான். இழுபடுவதும் என் பின்னல். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று மாமாவே என்னைப் பலதடவை கேலி செய்திருக்கிறார். வாலாஜாபாத் சந்தையில் மழை வந்துவிட்டதால் தவிட்டைக் கொட்டிவிட்டு என்னை மூட்டையில் போட்டுக்கொண்டு வந்ததாக ஒரு கதையும் வைத்திருந்தார். ஆகவே அம்மா யாரைச் சொல்கிறாள் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் வரவில்லை.

மாமா விட்டுக்கொடுக்கவில்லை. "அதுக்குன்னு நான் கைவுட முடியாதுக்கா. என்ன நம்பிக்கினு கீது அது" என்றார். போட்டு வைத்திருந்த சாப்பாட்டைத் தொடாமல் வெளியே போனார். சண்டையில் கம்பெனி பஸ் போய்விட்டிருந்தது. அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்காகத்தான் சண்டை போட்டார், எனக்காகத்தான் சாப்பிடாமல் போனார் என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்து என்னை அழைத்துப்போய்விட்டார்கள்.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் பேனர் வந்துவிட்டது. கட்டியவர்கள் எங்கள் தெருவில் மாமாவோடு பந்து விளையாடும் அண்ணன்கள். மேலே கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே மேகம், ஓர் அருவி, எரிகிற மெழுகுவத்தி. நடுவில் மாமா. அடியில் அண்ணன்களின் படங்கள் வரிசையாக, ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு, ஒருவர் காதில் போனை வைத்துக்கொண்டு. செத்தவர் ஒருவர், இருப்பவர்கள் ஒரு டஜன். ஊரில் யார் செத்தாலும் பேனர் அப்படித்தான் இருக்கும் என்பதால் அதில் எனக்கு வியப்பில்லை. மாமாவின் உடம்புதான் என்னைக் குழப்பியது. அவர் நீலக் கோட்டு போட்டு டை கட்டியிருந்தார். மாமாவிடம் கோட்டே கிடையாது. தலை மட்டும் அவருடையது. அந்தப் பாடி யாருடையதோ.

தலை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். குன்றத்தூர் மலையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த படம். படி ஏறமாட்டேன் என்று நான் அழுததால் மாமா என்னை முதுகில் தூக்கிக்கொண்டார். நான் பின்னாலிருந்து ஒரு கையால் அவர் கன்னத்தைப் பிடித்து இழுக்க, அவர் வாய் கோணிச் சிரிக்க, போட்டோக்காரர் எடுத்துவிட்டார். அதைத்தான் அம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தாள். பேனர் கடைக்காரர் மாமாவின் தலையை மட்டும் வெட்டி எடுத்துக் கோட்டின் மேல் வைத்துவிட்டார். என் முகம் இல்லை, பின்னல் இல்லை, ரோஸ் கவுன் இல்லை. ஆனால் கன்னத்தில் பதிந்திருந்த விரல்களை வெட்டினால் கன்னமும் போய்விடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டிருந்தார். மாமாவின் காதுக்குக் கீழே என் மூன்று விரல்கள், கையோ ஆளோ இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன.

யாரும் கவனிக்கவில்லை. கூடப் படிக்கிற பையன்களிடம் காட்டினேன். அது கிருதா என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பேச்சே எடுக்காத" என்றாள். எனக்குப் புரிந்தது. அந்தப் பொண்ணால்தான் மாமா போனார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அதனால்தான் என்னை வெட்டிவிட்டார்கள்.

அந்த நாட்களில் நான் மாமாவை வரைந்துகொண்டே இருந்தேன். கிழித்துப்போட்ட காலண்டர் தாளின் பின்பக்கம், பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கம், எங்கே வெள்ளையாக இடம் இருந்தாலும் வரைந்தேன். முகம் வரவில்லை. கண்ணை வைத்தால் மூக்கு தவறியது. அதனால் முகத்துக்குப் பதிலாக ஒரு கார் போட்டு, அதன் முன்பக்கத்தில் இரண்டு கால்களை வைத்துக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினேன். டீச்சர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, கார் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு ஸ்டார் போட்டுக் கொடுத்தார். கால்களைச் சக்கரம் என்று நினைத்திருப்பார்.

பள்ளிக்கூடம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி இருந்தது. சாயங்காலம் திரும்பும்போது பேனரின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். அப்படி நிற்கும்போதுதான் அந்த அக்காவைப் பார்த்தேன். நீலக் கம்பெனிக் கோட்டு, கழுத்தில் தொங்கும் கார்டு, காலில் கறுப்பு ஷூ. முதல் ஷிப்டு முடிந்து வரும் கம்பெனி பஸ் ஒன்றிலிருந்து அங்கே இறங்கி, நிறுத்தத்தின் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் வரும் இன்னொரு பஸ்ஸில் ஏறிப்போவாள். நடுவில் கிடைக்கிற நேரம் முழுக்கப் பேனரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அவளே கேட்டாள்.

"ஏட்டி, இங்க பாரேன். அவுங்க கன்னத்துல இருக்கே, அது யாரு விரலு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் ஒருத்தருக்காவது அது தெரிந்ததே. "என்னுது" என்றேன்.

"ஒன் விரலா? நெசமாவா?"

குன்றத்தூர் கதையைச் சொன்னேன். எப்படிப் பிடித்திருந்தேன் என்று கேட்டாள். நான் கட்டையில் ஏறி, அவளுக்குப் பின்னால் நின்று, மாமாவைப் பிடித்த மாதிரியே அவள் கன்னத்தைப் பிடித்துக் காட்டினேன். காட்டியாகிவிட்டது என்று கையை எடுக்கப் போனேன். அவள் என் கையைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பஸ் வரும்வரை அப்படியே இருந்தோம். எனக்குக் கால் மரத்துப்போனது.

அதற்குப் பிறகு தினமும் பேசினோம். அவள் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை செய்தாள், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். திருச்செந்தூர் பக்கம் ஊர். எனக்குக் கடலைமிட்டாய் வாங்கி வருவாள். மாமாவைப் பற்றிக் கேட்பாள். வீட்டில் எந்த இடத்தில் படுப்பார், குறட்டை விடுவாரா, குழம்பில் எந்தக் காயை ஒதுக்குவார் என்றெல்லாம். கத்தரிக்காய் என்றேன். "எங்கிட்ட கத்திரிக்கா பிடிக்கும்னு சொன்னாவளே" என்று சிரித்தாள்.

"மாமாவ உனுக்குத் தெரியுமா?"

"பஸ்ஸுல பாத்திருக்கேன்."

பஸ்ஸில் பார்த்தவருக்காக இவ்வளவு கேட்கிறாளே என்று தோன்றியது. ஆனாலும் மாமாவைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை. வீட்டில் கருமாதி முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டு, இனிமேல் அழக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அழாதவளிடம் போய் அழாதே என்று சொன்னது எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "மாமா என்னாலதான் செத்துட்டாரு."

அவள் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்னட்டி சொல்லுத?"

பின்னல் இழுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்ன சொன்னாள், மாமா என்ன பதில் சொன்னார் என்று வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள். நான் அம்மா மாதிரியும் மாமா மாதிரியும் பேசிக் காட்டினேன். மாமா சொன்னதை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னாள். "என்ன நம்பிக்கினு கீது அது" என்று மறுபடி சொன்னேன். அவள் குனிந்து, கார்டின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அந்தப் பொண்ணு நீ இல்லட்டி."

"அப்ப யாரு?"

"நீ இல்ல. சத்தியமா நீ இல்ல. அவுங்க ஒன்ன தூக்கிட்டுத்தான படி ஏறுனாவ? ஒன்ன யாரும் வெட்டல. கடக்காரனுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்தாள். ஒயரைச் சரிபார்த்து அதன்மேல் புள்ளி வைக்கிற பேனா. "ஒன்ன நீயே வரஞ்சுக்கோ. வா, தூக்குதேன்."

அவள் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொள்ள, நான் பேனரில் என் விரல்களிலிருந்து தொடங்கினேன். விரலுக்குப் பின்னால் கை, கைக்குப் பின்னால் தோள், கவுன், இரண்டு பின்னல், ரிப்பன். மேகத்தின்மேல் கறுப்பு நன்றாகப் பிடித்தது. மாமாவின் முகம் வராத எனக்கு என் முகம் உடனே வந்துவிட்டது. வாய் நிறையப் பல் வைத்தேன். "கால மறந்துட்டியே" என்று அவள் சொன்ன பிறகு காலும் போட்டேன். அந்தக் கால்களைக் கட்டவில்லை.

"உன்னையும் வரையட்டாக்கா?"

"நான் எதுக்கு? வேண்டாம்" என்று என்னை இறக்கிவிட்டாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது. மார்க்கரை வாங்கிக்கொள்ள மறந்துபோனாள்.

பேனரில் மாமாவின் இன்னொரு பக்கம் காலியாக இருந்தது, அருவி மட்டும். ஒரு பக்கம் மட்டும் ஆள் இருந்தால் நன்றாக இல்லை. நான் கட்டையில் ஏறி நின்று, எட்டின வரைக்கும் அக்காவையும் வரைந்தேன். மாமாவின் தோளுக்குத்தான் வந்தாள். கோட்டு, கொண்டை, கழுத்தில் கார்டு. கார்டில் எழுத அவள் பெயர் தெரியாததால் ஒரு பூப் போட்டேன்.

மறுநாள் ஊர் ரெண்டுபட்டது. வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். "செத்தவன் ரெண்டு பக்கமும் ரெண்டு பொம்பள உருவம் நிக்குதுடி! ஒண்ணு உன் பொண்ணு மாதிரியே கீது. இன்னொண்ணு இன்னான்னே தெரில. அவன் உன் புள்ளயக் கூப்புடறான்டி!"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மாமா செத்த பிறகு அவள் அந்தப் பக்கம் போனது அன்றுதான். பேனரில் என்னைப் பார்த்ததும் முதுகில் நாலு வைத்தாள். "பொணத்தோட போய் ஒட்டிக்கினு நிக்கிறியேடி! நீயும் போனா நான் இன்னாடி செய்வேன்!" நான் அடியை வாங்கிக்கொண்டே, "நான் வேணான்னா சொல்லிடு, எங்கனா போய்டறன்" என்று கத்தினேன். நம்ம ஜனம் இல்லாதவளை எதற்கு அடிக்க வேண்டும் என்றும் கேட்டேன். அம்மாவின் கை நின்றது.

"இன்னாடி உளர்ற?"

"நீதான சொன்ன, அந்தப் பொண்ணு இந்த வூட்ல இருந்தா நீ இருக்க மாட்டேன்னு."

அம்மாவின் முகம் போன போக்கை இன்றும் என்னால் சொல்லத் தெரியவில்லை. அப்படியே மண்டிபோட்டு என்னை இறுக்கிக்கொண்டாள். "ஐயோ, அது நீ இல்லடி. என் தங்கமே, அந்தப் பொண்ணு நீ இல்லடி." அக்கா சொன்ன அதே வாசகம். அப்படியானால் யார் என்று இவளிடமும் கேட்டேன். இவளும் சொல்லவில்லை. இத்தனை நாளாக எல்லாருக்கும் தெரிந்த எவளோ ஒருத்தி எங்கள் ஊரில் இருந்திருக்கிறாள், எனக்குத்தான் காட்டவில்லை என்று முடிவுக்கு வந்தேன்.

என் தோளுக்குமேல் அம்மா பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாரு?" என்றாள்.

"இங்க வர்ற அக்கா. மார்க்கர் குடுத்த அக்கா."

"கழுத்துல இன்னாது?"

"கம்பெனி கார்டு."

"தெனிக்கும் வருதா?"

"தெனமும். மாமாவத்தான் பாத்துக்கினே இருக்கும். மாமாவுக்குக் கத்திரிக்கா பிடிக்காதுன்னுகூட அதுக்குத் தெரில."

அம்மா எழுந்து நின்று, அருவியின்மேல் நான் போட்டிருந்த அந்தக் கோணல்மாணல் உருவத்தை வெகுநேரம் பார்த்தாள். அவ்வளவு கவனமாக என் படத்தை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. பூவைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

அன்று எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பெரியம்மாவுக்குச் சொல்லவா வேண்டும். கூப்பிட ஆரம்பித்துவிட்டான் என்றார். வேப்பிலை வந்தது, விபூதி வந்தது, என் அரைஞாணில் ஒரு தாயத்து ஏறியது. ஊரில் யாருக்கும் தெரியாமல் நீலக் கோட்டில் வந்து பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து மயக்கியது மனுஷியாக இருக்க முடியாது என்பது பெரியம்மாவின் கட்சி. அந்த மாதிரியானவற்றுக்குக் கால் தரையில் பாவாது என்றும் சொன்னார். நான் அந்த அக்காவின் ஷூவை நினைத்துப் பார்த்தேன். பாவியதா பாவவில்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அப்பா போய்ப் பேனரை அவிழ்த்துச் சுருட்டி, வயலில் மோட்டார் கொட்டாயில் வைத்துவிட்டு வந்தார்.

காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை அம்மா முகம் கழுவச் சொன்னாள். அவளும் நல்ல புடவை கட்டிக்கொண்டாள். கையில் ஒரு தூக்கு. "அந்தப் பஸ் எப்ப வரும்?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் நிறுத்தத்துக்குப் போனோம். பெரியம்மாவும் கூடவே வந்தார். காலைப் பார்க்க வேண்டும் என்றார்.

பஸ் நின்றது. அக்கா இறங்கினாள். முதலில் பேனர் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள், பிறகு எங்களை. திரும்பி ஏறிவிடலாம் என்பதுபோல் ஒரு கையைத் தூக்கினாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

"ஷூ போட்டுக்கினு கீதே" என்று பெரியம்மா ஏமாற்றத்தோடு முணுமுணுத்தார்.

அக்கா என் தலையைத் தொட்டு, "பிள்ளைக்குச் சொகமில்லையா? நான்தான் பேனாவக் குடுத்தேன். தப்புத்தான்" என்றாள் என்னைப் பார்த்தே.

"எந்த ஊரும்மா?" என்றாள் அம்மா.

"திருச்செந்தூர் பக்கம்."

"அம்மா அப்பா?"

"அம்மா மட்டும் இருக்கா."

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தியா?"

அக்கா தலையசைத்தாள். "வந்தேன். கேட்டுல நிறுத்திட்டாங்க. அவருக்கு நீங்க என்ன வேணும்னு கேட்டாங்க." கார்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொல்லன்னு தெரியல. வெளியவே நின்னேன்" என்றாள்.

அம்மா தொப்பென்று கட்டையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள், பொட்டலமாகக் கட்டி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்த மாதிரி, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். ரோட்டில் போகிற லாரிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் கூடி அழுதபோது அழாதவள், அழக்கூடாது என்று சொன்ன பிறகு, அதுவும் பஸ் நிறுத்தத்தில், முன்பின் தெரியாத ஒருத்தியின் எதிரில் எதற்காக அழவேண்டும்? எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா நின்றுகொண்டே இருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

பெரியம்மா என்னைப் பார்த்து, "வாடி, கடைக்குப் போலாம்" என்றார். நான் வரமாட்டேன் என்றேன். வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போனார். கடையில் அவருக்கு எதுவும் வாங்கத் தோன்றவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். பேயைப் பற்றிப் பிறகு எப்போது கேட்டாலும் பேச்சை மாற்றிவிட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது தூக்கு திறந்திருந்தது. சோறும் குழம்பும். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா மூடியில் தண்ணீர் ஊற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அவன் சாப்புடாமலே பூட்டான்" என்றாள். "நீயாச்சும் நல்லா சாப்புடு." அக்காவின் கண்ணீர் குழம்பில் விழுந்தது. காரம் போலிருக்கிறது என்று நினைத்து என் கையிலிருந்த மிட்டாயை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

பிறகு அம்மா பர்சிலிருந்து குன்றத்தூர்ப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். வெட்டாத முழுப் படம். அக்கா அதை வாங்கி, அதிலிருந்த என்னைப் பார்த்து, மாமாவைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தாள். தன் கார்டின் உறைக்குள், கார்டுக்குப் பின்னால், மடிக்காமல் வைத்தாள். அது எங்கள் படம், ஏன் கொடுக்கிறாய் என்று அம்மாவின் புடவையை இழுத்தேன். அம்மா கவனிக்கவில்லை.

இரண்டாவது பஸ் வந்தது. அக்கா ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "யாரும்மா அது, புதுசா கீது?" என்று கேட்டார். அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வயதில் அப்படித் தூக்குகிற வழக்கமே இல்லை.

"அத்தைக்கு டாட்டா காட்டு" என்றாள்.

அம்மாவுக்கு முறை தப்பிவிட்டது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை, அவர் காஞ்சிபுரத்தில் இருக்கிறார். அல்லது மாமாவின் பெண்டாட்டி, மாமாவுக்குத்தான் கல்யாணமே ஆகவில்லையே. இதுகூடத் தெரியாமல் போகிற அளவுக்கு அழுதிருக்கிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"அத்தை இல்லம்மா, அக்கா" என்று திருத்தினேன்.

அம்மா என் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ஈரமாக இருந்தது. "சரி, அக்கான்னே சொல்லு" என்றாள்.

பஸ் நகர்ந்தது. நான் என்னால் முடிந்த மட்டும் சத்தமாக, "அக்கா, டாட்டா!" என்று கத்தினேன்.